கைநாட்டுச் சங்கம்

வேலைநிறுத்த அறிவிப்பு குரல் செய்தியாக வந்தது. எழுதுவதை நிறுத்தச் சொல்லும் அறிவிப்பையே எழுதி அனுப்பினால் நன்றாக இருக்காது என்று எழுத்தாளர் சங்கத்தின் செயற்குழு முடிவு செய்திருந்தது. அதனால் செயலாளர் அனந்தகிருஷ்ணன் போனை வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு பேசியிருந்தார்.

"தோழர்களே, இந்த நிமிஷத்துலேருந்து ஒரு எழுத்துகூட... அம்மிணி, அந்தக் குக்கரை அணை... ஒரு எழுத்துகூட யாரும் எழுதப்படாது."

சபுரா அதைத் தாராவியில் தன் வீட்டு இரும்பு ஏணியில் நின்றபடி கேட்டாள். கீழே அவள் கணவன் ஜமாலின் பை தைக்கும் பட்டறை. மேலே ஒற்றை அறை. அதில் அவளும் ஜமாலும் மகள் சாயிமாவும் மாமியார் நஜ்முன்னிசாவும் இருந்தார்கள். அறையின் மூலையில் ஒரு பழைய லேப்டாப். அதை வைத்துக்கொண்டுதான் சபுரா பல வருடங்களாக ஒரு ஜெய்ப்பூர் மாமியாரையும் அவளுடைய மூன்று மருமகள்களையும் தமிழ் பேச வைத்துக்கொண்டிருந்தாள்.

அது இந்தியில் எடுக்கப்பட்ட தொடர். அந்தேரியில் ஒரு டப்பிங் ஸ்டூடியோ அதைத் தமிழாக்கி சேனலுக்குக் கொடுத்தது. வசனம் சபுரா. ஜெய்ப்பூர்க்காரி உதட்டை மூடும் இடத்தில் தமிழும் உதட்டை மூட வேண்டும். அவள் கோபத்தில் வாயைப் பிளந்தால் தமிழும் பிளக்க வேண்டும். சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் நடுவில் சபுரா வாயை மூடி மூடித் திறந்து பார்ப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதோ பல் கோளாறு என்று நினைத்திருந்தார்கள்.

தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் அந்தத் தொடர் ஓடியது. எந்த வீட்டிலும் சபுராவின் பெயர் தெரிந்ததில்லை. தொடரின் முடிவில் மேக்கப்காரர் பெயர் வரும், கார் ஓட்டியவர் பெயர் வரும், நகைக்கடைக்கு நன்றி வரும். தமிழ் எழுதியவர் பெயர் வராது. அவள்தான் எழுதுகிறாள் என்பதை மாமி நஜ்முன்னிசாவே நம்பியதில்லை.

"அவதான பேசுதா? வாய் அசையுதுல்லா?" என்பார். "இதுல நீ எங்கன இருந்து எழுதுத?"

சங்கத்தின் கோரிக்கைகளில் முதலாவது, எழுதியவர் பெயரைத் திரையில் போட வேண்டும் என்பது. இரண்டாவது, எழுத்தாளர் இடத்தில் கம்ப்யூட்டரை உட்கார வைக்கக் கூடாது என்பது. மேலும் பல இருந்தன. சபுராவுக்கு முதலாவதே போதுமாக இருந்தது. மாமி ஒருநாள் டிவியில் மருமகளின் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு கொள்கை எதுவும் கிடையாது.

"ஸ்டிரைக்குன்னா நாங்க மெஷின நிறுத்துவோம்" என்றான் ஜமால். "நீ எதைப் புள்ள நிறுத்துவ?"

"லேப்டாப்ப மூடி வைக்கணும் மச்சான்."

"அதுலதான சாயிமா படிக்கா?"

"அவ படிக்கட்டும். நான்தான் தொடக்கூடாது."

மாமிக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. "அப்ப இன்னைக்கு நாடகம் வருமா, வராதா?"

தென்மொழிகள் உபகுழுவின் கூட்டம் மாட்டுங்காவில் நடந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பூக்கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடி. சனிக்கிழமைகளில் பஜனை நடக்கும் கூடம். சபுரா முதல்முறையாக வந்திருந்தாள். சந்தா மட்டும் தவறாமல் கட்டிக்கொண்டிருந்தாள்.

அனந்தகிருஷ்ணன் வாசலிலேயே வரவேற்றார். வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வங்கியின் ரேடியோ விளம்பரத்துக்கு ஒருகாலத்தில் நாலு வரி எழுதிய வகையில் எழுத்தாளர்.

"வாங்கோ வாங்கோ. நீங்க எந்த சீரியல்?" என்றார். சொன்னதும் முகம் மலர்ந்தது. "அடடா! ஆத்துல விடாம பாக்கறாளே! நீங்கதானா அது? நான் அந்தப் பொம்மனாட்டியே தமிழ் கத்துண்டு பேசறான்னு நெனச்சேன்."

உள்ளே நுழையும் இடத்தில் வருகைப் பதிவேடு இருந்தது. பக்கத்தில் மை தோய்த்த பஞ்சு. எழுத்தாளர்கள் வரிசையில் நின்று இடது கட்டைவிரலை மையில் அமுக்கிப் பதிவேட்டில் உருட்டிக்கொண்டிருந்தார்கள். சபுரா பேனாவை எடுத்தாள். அனந்தகிருஷ்ணன் பதறிப்போய் அவள் கையைத் தடுத்தார்.

"கையெழுத்துன்னா என்ன? கையால எழுதற எழுத்து. நம்ம ஸ்டிரைக்கை நாமளே ஒடைக்கலாமோ?"

சபுராவின் வாப்பா, கடையநல்லூரிலிருந்து வந்து தோல் கிடங்கில் மூட்டை தூக்கியவர். கைநாட்டு வைத்த மனிதர். தன் மகளுக்கு அந்த அவமானம் வரக்கூடாது என்று மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தார். சபுரா அதை நினைத்துக்கொண்டே விரலை மையில் வைத்தாள்.

கூட்டம் வரவேற்புரையில் ஆரம்பித்தது. வரவேற்றவருக்கு நன்றி சொல்லப்பட்டது. நன்றி சொன்னவர் வரவேற்கப்பட்டார். பிறகு ஒரு மலையாள எழுத்தாளர் எழுந்து, பால்காரனுக்குத் துண்டுச்சீட்டு எழுதி வைக்கலாமா என்று கேட்டார். கூடம் பரபரப்பானது. ஒரு கன்னடக்காரர், பால் வேண்டாம் என்று எழுதுவது எதிர்மறை என்பதால் வேலைநிறுத்தத்தோடு ஒத்துப்போகும், பால் வேண்டும் என்று எழுதுவதுதான் துரோகம் என்றார். இதை முடிவு செய்ய எழுத்து வரையறைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழுவுக்கு யார் தலைவர் என்ற பேச்சில் மாலை போயிற்று. பெயரைத் திரையில் போடுவது பற்றி யாராவது பேசுவார்கள் என்று சபுரா கடைசிவரை காத்திருந்தாள். தேசிய கீதம் பாடிவிட்டார்கள்.

அடுத்த வாரம் செம்பூரில் ஒரு ஸ்டூடியோ வாசலில் உண்ணாவிரதம். சபுரா விடிவதற்கு முன்பே ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, நோன்பு வைத்தவள்போல் போய்விட்டாள். மற்றவர்கள் பத்து மணிவாக்கில் வந்தார்கள். அனந்தகிருஷ்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு டாக்ஸியிலிருந்து இறங்கினார்.

"டிபன் ஆச்சோ?" என்று அவளிடம் கேட்டார்.

"உண்ணாவிரதம்னு சொன்னீகளே சார்."

"ஆமாம். டிபனுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல. நடுவுல எதுவுமே எடுத்துக்கப்படாது, காபி உள்பட. ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

பேனரை விரித்தார்கள். எழுத்தாளர்கள் எழுதக் கூடாது என்பதால் கோஷம் எழுதும் வேலை வடாலாவில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. 'எங்கள் சோற்றில் மண் போடாதே' என்பது கோஷம். துணியில் இடம் போதாமல் கடைசி எழுத்து வெட்டுப்பட்டுவிட்டது.

சபுரா செயலாளரைத் தனியாக அழைத்துக் காட்டினாள். "சார், 'தே' விட்டுப்போச்சு. 'எங்கள் சோற்றில் மண் போடா'ன்னு இருக்கு. நம்மளே போடச் சொல்லுத மாதிரி இருக்குல்லா?"

அனந்தகிருஷ்ணன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "எனக்குத் தமிழ் பேச வரும். படிக்கத்தான் கொஞ்சம் தடுமாறும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"ஒரு மார்க்கர் இருந்தா நானே சேத்துருவேன்."

"ஐயோ வேண்டாம். எழுதினா ஸ்டிரைக்கை ஒடைச்சதாயிடும். திருத்தினா எடிட்டிங். எடிட்டிங் வேற யூனியன். அவா ஸ்டிரைக்ல இல்லை. அவா எல்லைக்குள்ள நாம நுழையப்படாது."

ஆகவே எழுத்தாளர்கள் அந்தப் பேனரை உயர்த்திப் பிடித்து நின்றார்கள். அந்த வழியாகப் போன ஒரு தமிழ் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திப் படித்தார். படித்துவிட்டு, "யாரச் சொல்லுதீக?" என்று கேட்டார்.

பதினொன்றரைக்கு, எல்லா மொழி எழுத்தாளர்களுக்குமான மகாசங்கத்தின் தலைவர் ரஜத் பல்லா வெள்ளைக் காரில் வந்தார். பெரிய எழுத்தாளர். இப்போது தயாரிப்பாளரும்கூட. காரின் கூரைத் திறப்பு வழியாகத் தலையை நீட்டி, இந்தியில் உணர்ச்சியோடு பேசினார்.

"நண்பர்களே! எழுத்தாளன் இல்லாமல் சினிமா இல்லை என்று முதலில் சொன்னவன் நான். அந்த வாக்கியத்தை எனக்கு எழுதிக்கொடுத்தவர் இன்று நம்மோடு இல்லை, அவர் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். எழுத்தாளர்களை வேலையை விட்டு நீக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு என் ரத்தம் கொதிக்கிறது. என் கம்பெனியில் இதுவரை ஒரு எழுத்தாளரைக்கூட நீக்கியதில்லை. ஏன்? ஒருவரைக்கூட நான் வேலைக்கு வைத்ததில்லை! எழுத்தாளன் சுதந்திரப் பறவை. சம்பளம் என்ற கூண்டில் அவனை அடைக்கும் பாவத்தை நான் செய்ய மாட்டேன்!"

கூட்டம் கை தட்டியது. சபுராவும் தட்டினாள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே அமர்ந்தார். கார் நகர்ந்தது. நேரே எழுத்தாளர்கள் மறித்து நின்ற ஸ்டூடியோ வாசலுக்கு வந்தது. அனந்தகிருஷ்ணன் கையசைக்க, பேனரை ஓரமாகத் தூக்கி வழிவிட்டார்கள். கார் உள்ளே போனதும் மறுபடி மறித்துக்கொண்டார்கள்.

"சார், அவுக எதுக்கு உள்ள போறாக?"

"ஷூட்டிங். அவரோட சீரியலுக்கு விலக்கு இருக்கு. ஸ்டிரைக்குக்கு முன்னாடியே யோசிச்சு வெச்ச கதை. எழுதறதுக்குத்தான் தடை. ஏற்கெனவே யோசிச்சதுக்குத் தடை இல்லை."

"நானும் முன்னாடியே யோசிச்சு வச்சிருந்தா?"

"நீங்க டப்பிங். உங்களுக்காக வேற யாரோ யோசிச்சது" என்றார் அனந்தகிருஷ்ணன், வருத்தம் தோன்ற.

அன்று சாயங்காலம் டப்பிங் ஸ்டூடியோ மேனேஜர் சைஃப் போன் செய்தான். வடாலாவில் வளர்ந்தவன், பாதி தமிழும் பாதி இந்தியும் பேசுபவன். கெட்டவன் இல்லை. அவளை அக்கா என்ற அர்த்தத்தில் ஆபா என்பான்.

"ஆபா, கையில எபிசோட் ஸ்டாக் முடிஞ்சுது. நீங்க சும்மா வாயால சொல்லுங்க, நான் டைப் பண்ணிக்கிறேன். யாருக்குத் தெரியும்?"

"விரல் வச்சுக் குடுத்திருக்கேன் சைஃப்."

"இல்லேன்னா சேட் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கச் சொல்றாரு. நீங்க இத்தனை வருஷம் எழுதுனது பூரா உள்ள ஏத்தியாச்சு. ப்ளீஸ் ஆபா. ஒருதடவ அது நுழைஞ்சா வெளிய போகாது."

ஜமால் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினான். "எழுதிக் குடுத்துரு புள்ள. அந்தக் கார்க்காரரு உள்ள போனாருல்லா? அவருக்கு இல்லாத ரோசமா?"

சபுரா ஏணிப்படியில் உட்கார்ந்தாள். எழுத வேண்டும் என்று விரல்கள் பரபரத்தன. மூன்றாவது மருமகளின் ரகசியம் அடுத்த வாரம் வெளிப்பட இருந்தது. அந்தக் காட்சிக்கு என்ன வார்த்தை என்றுகூட மனதில் இருந்தது. ஆனால் எல்லோரும் சேர்ந்து நிற்கும்போது தான் மட்டும் பின்வாசல் வழியாகப் போவது அவளுக்கு முடியவில்லை. சைஃபுக்கு முடியாது என்று சொல்லிவிட்டாள். அவள் வாழ்க்கையில் ஒரு வேலையை முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

தொடர் ஒருநாள்கூட நிற்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மாமி டிவிக்கு முன்னால் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்தார். சபுரா அடுப்பங்கரையிலிருந்து காது கொடுத்தாள். மூன்றாவது மருமகள் அழுதுகொண்டே வளர்ந்த மகளைக் கட்டிக்கொண்டு, "என் ஈரலின் துண்டே! நேற்று உனக்குக் கல்யாணம் நடக்கும்!" என்றாள்.

இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல். கம்ப்யூட்டர் நேற்றைத் தேர்ந்தெடுத்திருந்தது. உயிரே என்று வர வேண்டிய இடத்தில் இந்தி சொன்ன ஈரலையே எடுத்து வைத்திருந்தது. சபுராவுக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கே தமிழ்நாடு முழுக்க டிவியை அணைத்துவிடும், நாளைக் காலையில் சைஃப் ஓடி வருவான் என்று நினைத்துக்கொண்டு கரண்டியோடு வெளியே வந்தாள்.

மாமி அழுதுகொண்டிருந்தார்.

"ஈரல்ங்கா பாரு" என்றார் முந்தானையால் மூக்கைத் துடைத்து. "பெத்த பிள்ளைய ஈரல்ங்கா. எம்புட்டு பாசம் இருந்தா அந்த வார்த்த வரும்! இத்தன நாளு இந்த மாதிரி பேசல அவ."

"நேத்து கல்யாணம் நடக்கும்ங்கா மாமி. அது தப்புல்லா?"

"பெரிய இடத்துல அப்படித்தான் பேசுவாக. உனக்கென்ன தெரியும்?"

சபுரா அனந்தகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள். கம்ப்யூட்டரை உட்கார வைத்துவிட்டார்கள், இரண்டாவது கோரிக்கைக்கே ஆபத்து என்றாள். அவர் அதிர்ந்துபோனார். உண்மையாகவே அதிர்ந்தார்.

"இது ரொம்ப சீரியஸ் மேட்டர். ஒடனே கம்ப்ளெயிண்ட் குடுத்தாகணும்."

"இப்பவே சொல்லுதேன் சார்."

"வாயால சொன்னா எடுத்துக்க முடியாது. எழுத்துல இருக்கணும். சங்கத்து விதி, பைலா அப்படி." சற்று யோசித்தார். "ஆனா எழுத முடியாதே. ஸ்டிரைக் முடிஞ்ச மறுநாள் குடுங்கோ. நானே நேர்ல வாங்கிக்கறேன்."

மழைக்காலம் முடிகிற சமயத்தில் வெற்றி அறிவிக்கப்பட்டது. தலைவர் பல்லாவும் தயாரிப்பாளர்களின் தலைவரும் கை குலுக்கும் படம் பத்திரிகைகளில் வந்தது. இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் பங்குதாரர்கள் என்பதால் பேச்சுவார்த்தை சுமுகமாக நடந்ததாகச் செய்தியில் இருந்தது. ஒப்பந்தம் எளிமையானது. எழுத்தாளர் எழுதினால் கூடுதலான புது ரேட். இனிமேல் கம்ப்யூட்டரைத் தன்னிச்சையாக எழுத விட முடியாது. ஒவ்வொரு மொழிக்கும் சங்கம் நியமிக்கும் ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். அவர் பெயர் திரையில் வரும். தமிழுக்கு அனந்தகிருஷ்ணன் நியமிக்கப்பட்டார்.

சபுரா புகாரை எழுதி எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போனாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இப்ப இந்தக் கம்ப்ளெயிண்ட் யாருக்குப் போகும் சார்?"

"மொழி மேற்பார்வையாளருக்கு. அதாவது எனக்கு." கொஞ்சம் கூச்சமாகச் சிரித்தார். "உங்களை நான் மறக்கலை. கம்ப்யூட்டர் எழுதறதுல தப்பு இருக்குமோன்னோ? அதைப் பாக்க ஒரு ஆள் வேணும். எனக்குத்தான் படிக்கத் தடுமாறுமே. உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன்."

"என் பேரு வருமா சார்? டிவியில?"

"நீங்க இனிமே எழுதலையே. சரி பாக்கறேள். சரி பாக்கறவா எழுத்தாளர் இல்லை. அதனால..." அவர் குரலைத் தாழ்த்தினார். "மெம்பர்ஷிப்பும் தொடர முடியாது. மெம்பர் இல்லாதவா கம்ப்ளெயிண்ட் குடுக்கவும் முடியாது. இதை நான் திருப்பித் தந்துடறேன், கோவிச்சுக்காதீங்கோ."

அவள் தன் புகாரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பூக்கடைகளுக்கு நடுவில் நின்று, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது மறந்தவள்போல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள்.

ஆரம்பத்தில் வேலை சுகமாகவே இருந்தது. வரிக்கு வரி தப்பு. ஈரல்கள், நேற்றுகள், ஆணைப் பெண்ணாக்கியவை. சபுரா எல்லாவற்றையும் ஆசையோடு திருத்தினாள். கிட்டத்தட்ட முழுதுமே அவள் எழுதியதுபோல் ஆகிவிடும். பிறகு தப்புகள் குறைய ஆரம்பித்தன. ஸ்டூடியோவுக்குப் போய்க் காரணம் கேட்டாள்.

"நீங்க திருத்துறத எல்லாம் அது பாத்துக் கத்துக்குது ஆபா" என்றான் சைஃப். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் ஹெட்போன் வயரைச் சுருட்டினான்.

அவள் திருத்தாமலும் இருந்து பார்த்தாள். ஒரு முழு எபிசோடைத் தப்புத்தப்பாக அப்படியே அனுப்பினாள். அனுப்பிய பிறகு மனம் பொறுக்காமல் திரும்ப வாங்கித் திருத்திக் கொடுத்தாள். தப்பான தமிழைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் ஜெய்ப்பூர் மாமியார் மருமகளிடம், "வெள்ளன எந்திரி" என்றாள். சபுராவின் உம்மா விடியலில் எழுப்பும்போது சொல்லும் சொல். சபுரா எப்போதோ ஒருமுறை தெரியாமல் எழுதிவிட்டு, வட்டார வழக்கு வேண்டாம் என்று திட்டு வாங்கியிருந்தாள். கம்ப்யூட்டர் அதை எங்கிருந்தோ தோண்டி எடுத்து, அதைவிடப் பொருத்தமான இடத்தில் வைத்திருந்தது. உதடுகூட சரியாக மூடித் திறந்தது. அவள் அந்த வரியை நெடுநேரம் பார்த்தாள். மாற்ற எதுவும் இல்லை. அந்த மாதத்தோடு சைஃப் போன் செய்வது நின்றது.

மாட்டுங்காவில் வெற்றி விழா. அனந்தகிருஷ்ணன் தானே போனில் அழைத்தார். "பாதிக்கப்பட்டவா யாராவது நன்றி சொன்னா நன்னாருக்கும்னு தலைவர் அபிப்ராயப்படறார். மெம்பரா வர முடியாது. சிறப்பு விருந்தினரா வாங்கோ."

போகாதே என்றான் ஜமால். ஆனால் சபுராவுக்கு மேடையில் கேட்பதற்கு ஒன்று இருந்தது. நாங்கள் வெயிலில் நின்றது எதற்காக என்று மைக்கில், எல்லோர் முன்னாலும் கேட்டுவிட வேண்டும். மோனோரயில் தூணுக்கடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இந்த முறை வேறு யாருடைய உதட்டுக்காகவும் இல்லை.

கூடம் நிறைந்திருந்தது. தலைவர் பல்லா நடுவில் இருந்தார். சபுராவின் பெயரை அழைத்தார்கள். மைக்குக்குப் போகும் வழியில் அனந்தகிருஷ்ணன் ஒரு தாளை அவள் கையில் வைத்தார்.

"நன்றியுரை. நீங்க சிரமப்பட வேண்டாம்னு ரெடி பண்ணிட்டேன். எழுத்தாளரை எழுதச் சொன்னா புது ரேட் குடுக்கணும். அதனால கம்ப்யூட்டர்லயே போட்டுட்டேன்."

தாளை மடித்துவிட்டுத் தன் கேள்வியைக் கேட்கத்தான் அவள் நினைத்தாள். ஆனால் தமிழ் எழுத்துகளைக் கண்டதும் கண் தானாகப் படிக்க ஆரம்பித்துவிட்டது. முதல் வரியில் ஒற்று சரியாக இருந்தது. இரண்டாவது வரியில் வேற்றுமை சரியாக இருந்தது. அவள் ஒரு தப்பையாவது பிடித்துவிட வேண்டும் என்று வேகமாகக் கீழே போனாள். ஒரே ஒரு தப்பு போதும். அதைக் காட்டிவிட்டு ஆரம்பிக்கலாம். ஜனங்கள் அவள் உணர்ச்சிவசப்பட்டிருப்பதாக நினைத்தார்கள்.

தாளின் நடுவில், 'நாம் வெயிலில் நின்றது எதற்காக என்று சிலர் கேட்கலாம்' என்று இருந்தது. அவள் கேட்க வைத்திருந்த கேள்வி, அவள் கேட்டிருக்கக்கூடியதைவிட நல்ல தமிழில். அடுத்த வரியில் அதற்குப் பதிலும் இருந்தது. 'நின்றோம் என்பதற்காக.'

சபுரா கடைசி வரிவரை பார்த்தாள். தப்பு இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தாள். அவள் வாசிப்பு நன்றாக இருந்தது. பல வருடப் பழக்கத்தில் நிறுத்தங்கள் தாமாக விழுந்தன. பெண்கள் சிலர் அழுதார்கள். தலைவர் எழுந்து நின்று கை தட்டினார். தமிழ் தெரியாவிட்டாலும் நெஞ்சைத் தொட்டது என்றார்.

அனந்தகிருஷ்ணன் அவளுக்கு ஒரு சிவப்புச் சால்வை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் அவர் குனிந்து, "கொஞ்சம் குடுங்கோ, இன்னும் நாலு பேர் இருக்கா" என்று காதோடு சொல்லிவிட்டு, சால்வையை அவள் தோளிலிருந்து பக்குவமாக எடுத்து மடித்துக்கொண்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.